எழுப்புவதற்கு முன்

கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி கொளுத்தப் போன பிரிஜெட், நனைந்த குடையோடு ஆபீசுக்குத் திரும்பியபோது, கம்ப்யூட்டர் அறையில் பரஞ்சோதி மஞ்சள் துணியால் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். டீ வாங்கி வருவதும் அறையைக் கூட்டுவதும் அவர் வேலை. முகத்தில் ஏதோ புண்ணியம் கட்டிக்கொண்ட களை.

"என்னண்ணே, சிரிப்பு பலமா இருக்கு?"

"நீ போன கொஞ்ச நேரத்துல மெஷின் படுத்துருச்சு தங்கச்சி. மேனேஜர் துவான் பாத்தா உன்னத்தானலா ஏசுவாரு? நானே கறுப்புப் பொத்தான அமுக்கி எழுப்பி விட்டுட்டேன். ஈ காக்காய்க்குத் தெரியாது."

பிரிஜெட் குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

லூனாஸ் ஊர்ப் பக்கத்து ரப்பர் தொழிற்சாலைக்கு அந்த மெஷின் வந்தது எண்பத்து மூன்றில். தோட்டங்களிலிருந்து வரும் ரப்பர் பாலின் எடையை ஆள்வாரியாக அதில் ஏற்றுவது பிரிஜெட்டின் வேலை. மெஷின் அடிக்கடி நடுவில் நின்றுவிடும். ஏற்றிய கணக்கில் பாதியை விழுங்கிவிடும். வெளிநாட்டில் செய்த மெஷின் தப்பு செய்யுமா? எஸ்டேட் லயத்திலிருந்து வந்த பெண்ணின் விரல்தான் தப்பு செய்யும். மேனேஜர் அப்படித்தான் முடிவு கட்டியிருந்தார். இன்னொரு தடவை கணக்குத் தொலைந்தால் வீட்டோடு இருந்துகொள் என்றும் சொல்லிவிட்டார். அப்பா போன பிறகு அம்மாவும் தம்பிகளும் அவள் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறார்கள்.

அவளை நம்பிய ஒரே ஆள், பினாங்கிலிருந்து மெஷினைப் பார்க்க வரும் எஞ்சினியர் நூர்தீன்.

"அடுத்த தடவ நின்னுச்சுன்னா ஒடனே எழுப்பாதீங்க," என்றிருந்தார். "சாகறப்ப அதுக்குள்ள என்ன ஓடிச்சோ, எல்லாம் அப்பிடியே உள்ளதான் கெடக்கும். மொதல்ல அத டேப்புல எறக்கிருங்க. எழுப்பிட்டா எல்லாம் அழிஞ்சு போயிரும். அந்த டேப்பு மட்டும் இருந்தா, தப்பு உங்களோடது இல்லேன்னு நா காட்டறேன்."

அன்றிலிருந்து புது டேப் ஒன்று அலமாரியில் காத்திருந்தது. எந்தப் பொத்தானை எப்போது அமுக்குவது என்று மனப்பாடமாக வைத்திருந்தாள். டீ வாங்கி வரும் மனிதரிடம் இதையெல்லாம் சொல்லவேண்டும் என்றுதான் அவளுக்குத் தோன்றவில்லை.

"நின்னப்ப திரையில ஏதாச்சும் எழுதியிருந்துச்சாண்ணே?"

"இருந்துச்சு, வரிசையா நம்பரு. அவசரத்துல நா எங்க பாத்தேன்?"

இதே பேச்சை இதே வாயிலிருந்து முன்பும் ஒரு தடவை கேட்டிருக்கிறாள். அப்பா இஞ்ஞாசிமுத்து பால் வெட்டிக்கொண்டிருக்கும்போதே ரப்பர் மர நிரையில் சாய்ந்தார். தூக்கி வந்தவர்களில் பரஞ்சோதியும் ஒருவர். அவள் வந்து சேர்வதற்குள் குளிப்பாட்டிப் புதுச் சட்டை போட்டுவிட்டிருந்தார்கள். பால் கறை படிந்த பழைய சட்டைகூடத் துவைத்துக் கொடியில் கிடந்தது. பிள்ளை பார்த்துத் தாங்காதே என்றுதான் அத்தனையும். கடைசியாக அப்பா என்ன சொன்னார் என்று கேட்டாள். "ஏதோ சொன்னாரும்மா. தூக்கற அவசரத்துல காதுல வாங்கல," என்றார் பரஞ்சோதி. இந்த மனிதரை எப்படி ஏசுவது? கோபம் வரவேண்டிய இடத்தில் அழுகைதான் வந்தது.

கதவு திறந்தது. மேனேஜர் உள்ளே வந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று மலாயில் கேட்டார்.

"தாடா அப்பா-அப்பா, துவான். ஜாலான் பாகுஸ்!" ஒன்றும் நடக்கவில்லை, ஜோராக ஓடுகிறது என்று பரஞ்சோதி முந்திக்கொண்டார். சொல்லிவிட்டு, மேனேஜர் பார்க்காதபோது அவளைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அவள் வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் முதலில் பரஞ்சோதியின் வேலை போகும். தன் வேலையும் தங்காது. காட்டுவதற்குத்தான் ஒன்றும் இல்லையே.

காலைக் கணக்கை அச்சடிக்கச் சொன்னார் மேனேஜர். விரலில் ஒட்டியிருந்த மெழுகோடு பொத்தானை அமுக்கினாள். அச்சு மெஷின் கடகடவென்று ஓடியது. முதலில் பெயரும் எடையுமாக வந்தது. பிறகு பெயர்கள் மட்டும் வந்தன. எடை இருக்கவேண்டிய இடமெல்லாம் வெள்ளை.

மேனேஜர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பரஞ்சோதி குனிந்து, அந்தத் தாள் தரையில் பட்டுவிடாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தார்.