மாறுவேஷம்

பன்னை நடுவில் பிளந்து, வெட்டின பக்கம் கீழே இருக்கும்படி சூட்டுக் கல்லில் அடுக்கிக்கொண்டிருந்தாள் பில்லக்கா. வரிசைக்கு ஆறு. கல்லில் வெண்ணெய் படக் கூடாது, எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். பால், முட்டை, நெய், தேன் என்று உயிருள்ளதிடமிருந்து எடுத்த எதுவும் அந்தக் கவுண்டருக்குள் நுழைய முடியாது. வீகன் கடை. பட்டாணி மாவைப் பிசைந்து தட்டினால் அது கறி, ஓட்ஸை அரைத்துப் பிழிந்தால் அது பால், முந்திரியை அரைத்தால் அது சீஸ். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்களுக்கு அங்கே வேலை கிடையாது.

மாலின் மூன்றாவது மாடியில், சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கிற பக்கத்தில் கடைசிக் கடை அது. மூன்று வருஷமாக பில் மெஷினுக்குப் பின்னால் நிற்பதால் அவளுக்கு அந்தப் பெயர். நிற்பது என்றால் நிற்பதேதான். உள்ளே நாற்காலி போட அனுமதியில்லை. அவளுக்குப் பின்னால் பொரிக்கிற சட்டியோடு மல்லுக்கட்டுகிறவர் சட்டி அண்ணன். வயது ஐம்பதுக்கு மேல், இரண்டு முன்னங்கையிலும் எண்ணெய் தெறித்த தழும்புகள்.

"மாறுவேஷம் வந்தாச்சா?" என்று எண்ணெயின் சூட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"எனக்கெப்படிண்ணே தெரியும்? நெத்தியிலயா எழுதி ஒட்டியிருக்கும்? மாசம் முடிய இன்னும் மூணு நாள்தான் இருக்கு."

மாறுவேஷம் என்பது இவர்கள் வைத்த பெயர். மாதம் ஒரு முறை கம்பெனி ஒரு ஆளைச் சாதாரண வாடிக்கையாளர் மாதிரி அனுப்பும். அந்த ஆள் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போய் மார்க் போடும். இருபது நொடிக்குள் வணக்கம் சொன்னாளா, கண்ணைப் பார்த்துப் பேசினாளா, கேட்காமலே பில்லைக் கையில் கொடுத்தாளா, சிரித்தாளா. போன மாதம் எழுபத்தெட்டு. அதற்கு முந்தின மாதம் எழுபத்தொன்று. மூன்றாவது தடவையும் எண்பத்தைந்தைத் தாண்டவில்லை என்றால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தான். சிரிக்கவில்லை என்றுதான் போன மாதம் பத்து மார்க் போனது. அன்றைக்கு வீட்டுக்காரருக்கு ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்காமல் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது என்று அப்போதுதான் போன் வந்திருந்தது. யாருக்குச் சிரிப்பு வரும்?

வீட்டுக்காரர் டைல்ஸ் ஒட்டுகிறவர். ஒட்டினவர். சிறுநீரகம் இரண்டும் போன பிறகு புதனும் சனியும் ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு அவளுடைய கம்பெனி மருத்துவ கார்டுதான் பணம் கட்டுகிறது. வேலை இருக்கிறவரை கார்டு, கார்டு இருக்கிறவரை மெஷின், மெஷின் இருக்கிறவரை அவர். இதை நினைத்துக்கொண்டுதான் அவள் கண்ணாடி பார்த்துச் சிரித்துப் பழகினாள்.

பதினொன்றரை மணிக்கு அந்தப் பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மடிப்புக் கலையாத உடுப்பு, தோளில் புதுக் கைப்பை. விலைப் பலகையை மேலிருந்து கீழே வாசித்தாள். பிறகு பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். பின்னால் சட்டி அண்ணன், உஷார் என்கிற மாதிரி, இடுக்கியால் சட்டி விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"வணக்கம். வாங்க, என்ன சாப்பிடுறீங்க?" பில்லக்கா கண்ணைப் பார்த்தாள். சிரித்தாள்.

"இதுல பால் சேராதா?"

"ஒரு சொட்டு சேராதுங்க. முட்டையும் கிடையாது."

"சீஸ்னு போட்டிருக்கே."

"முந்திரில பண்றது. ஊற வெச்சு அரைச்சு, காலையிலேயே வந்துடும்."

அவள் எழுதிக்கொண்டாள். ஒரு பர்கரும் உருளைக்கிழங்கு வறுவலும் கேட்டுவிட்டு ஒரு கூப்பனை நீட்டினாள். கூப்பனில் தலைமை ஆபீஸ் முத்திரை. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

அந்தப் பெண் தட்டை வாங்கிக்கொண்டு கவுண்டருக்கு எதிரே இருந்த உயரமான ஸ்டூலிலேயே உட்கார்ந்தாள். முதல் பாதியை நான்கே கடியில் முடித்தாள். அப்புறம் சட்டென்று வேகத்தைக் குறைத்து, மீதிப் பாதியைக் காகிதத்தில் நன்றாகச் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சாம்பிள்," என்று முணுமுணுத்தார் சட்டி அண்ணன். "லேப்ல குடுத்துப் பால் இருக்கான்னு பாப்பாங்க."

"பசி மாதிரில்லண்ணே இருக்கு."

"நடிப்பு. அதுக்குத்தானே சம்பளம் வாங்குறாங்க."

கூட்டமில்லாத நேரம். அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். காரச் சாஸுக்கும் பூண்டுச் சாஸுக்கும் பாட்டில் ஒரே நிறமாக இருக்கிறதே, எப்படி அடையாளம்? மெஷினில் தப்பாக அமுக்கிவிட்டால் என்ன செய்வது? பில் தாள் சிக்கிக்கொண்டால்? பரீட்சை என்று தெரிந்த பிறகு பில்லக்கா எதையும் ஒளிக்கவில்லை. மூன்று வருஷம் திட்டு வாங்கிக் கற்றதையெல்லாம் கொட்டினாள். தாள் சிக்கினால் இடது பக்கம் உள்ளங்கையால் ஒரு தட்டு. கூட்டம் சேர்ந்தால் வறுவலை முன்கூட்டியே இரண்டு கூடை போட்டுவைப்பது. சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்குத் தண்ணீரை முதலில் கொடுப்பது, அப்போதுதான் பிள்ளை அழாது, அம்மாவும் அவசரப்படுத்த மாட்டாள்.

"நாள் பூரா நின்னுட்டேதான் இருக்கணுமாக்கா?" என்று கடைசியில் கேட்டாள்.

கேள்வியில் கண்ணி இருக்கும் என்று பில்லக்காவுக்குப் பட்டது. "பழகிடுச்சுங்க. நிக்கிறதுதான் உடம்புக்கு நல்லது," என்றாள். மத்தியானத்துக்கு மேல் கால் வீங்கி, செருப்பின் வாரை ஒரு துளை தளர்த்த வேண்டியிருக்கும். அந்தப் பெண் அவள் காலைப் பார்த்தாள். அதை மட்டும் எழுதிக்கொள்ளவில்லை.

"நல்லா சொல்லிக் குடுத்தீங்கக்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான்கு மணி இடைவேளையில் சரக்குப் படிக்கட்டில் உட்கார்ந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

"வந்துட்டுப் போயிட்டாங்க. நூத்துக்கு நூறுதான். ஒண்ணு விடாம சொல்லியிருக்கேன்."

"பாத்து, உன்னையே மேனேஜராப் போட்டுடப் போறாங்க," என்றார் அவர். "சரி, நாளைக்கு என்னைத் துவைக்கிற நாளு. கார்டை எடுத்து மேசை மேலயே வெச்சுட்டுப் போ." அன்றைக்கு அவள் மனம் விட்டுச் சிரித்தாள். மார்க்குக்காக இல்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு சூப்பர்வைசர் வந்தான். கூடவே அந்த நோட்டுக்காரி. பில்லக்காவைப் பார்த்ததும் அவள் ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, ஒரு நிமிஷம் உள்ள வாங்க," என்றான் சூப்பர்வைசர். குளிர்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடம். அதில் இரண்டு பேரும் நின்றார்கள். "மார்க் வந்துடுச்சு. தொண்ணூத்தாறு."

"நேத்தே போட்டுட்டாங்களா சார்?"

"நேத்து இல்லக்கா. போன வாரம். ஒரு பெரியவர் கைத்தடியோட வந்தாராமே, தட்டைக் கொண்டுபோய் மேசையில வெச்சீங்களாம். அவர்தான்."

அவளுக்கு அந்தப் பெரியவர் ஞாபகம் வந்தார். வறுவல் ஆறிவிட்டது என்று குறை சொன்னவர். "அப்போ இவங்க?"

அவன் குளிர்பெட்டியின் கைப்பிடியைத் துடைத்தான். "இவங்க ஏஜென்சி மூலமா வர்றாங்க. வேலையைப் பாத்து, சாப்பிட்டும் பாத்துட்டு வான்னு ஆபீஸ்ல அனுப்பினாங்க. இனிமே எல்லாக் கவுண்டர்லயும் ஏஜென்சி ஆளுங்கதான்க்கா. அவங்களுக்குக் கார்டு குடுக்க வேண்டியதில்ல, அவ்வளவுதான். உங்க மேல ஒரு குத்தமும் இல்ல." ஒரு காகிதத்தை நீட்டினான். "வேலையை விட்டு நிக்கிறதுக்கான தாள். இதுல தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. போடலைன்னாலும் நான் கம்ப்யூட்டர்ல ஏத்திடத்தான் வேணும்."

"ஏத்தினா கார்டு?"

"அந்த நிமிஷமே நின்னுடும்."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று பத்து. பத்து மணிக்கு அவரை மெஷினில் ஏற்றியிருப்பார்கள். இரண்டு மணிக்கு இறக்குவார்கள். இறக்கும்போதுதான் கார்டைத் தேய்ப்பார்கள். போன மாதம் பக்கத்துக் கட்டில் தையல்காரருக்குத் தேய்த்தபோது கார்டு செத்திருந்தது. மகன் வேலை போன விஷயம் அவருக்கே அப்போதுதான் தெரியும். முழுப் பணத்தையும் கட்டு என்று பொழுது சாய்கிறவரை அவரைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை.

"ரெண்டு மணி வரைக்கும் பொறுங்க சார்." குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "அவரு இப்ப மெஷின்ல இருக்காரு. உங்க காலைத் தொட்டுக் கேக்குறேன்."

"ஐயோ, அக்கா. எனக்கு மேல இருக்கிறவங்க..."

"மத்தியானக் கூட்டத்தைப் புது ஆளு தனியாத் தாங்காது சார். பாதிப் பேரு திரும்பிப் போயிடுவாங்க. கூட நின்னு சொல்லிக் குடுக்கிறேன். கூட்டம் முடிஞ்சதும் போட்டுடுறேன்."

அவன் யோசித்தான். மத்தியான வியாபாரம் குறைந்தால் அவனைத்தான் கேட்பார்கள். "கூட்டம் இருக்கிறவரைக்கும்தான். இன்னைக்குச் சம்பளம் வராது, இப்பவே சொல்லிட்டேன்."

"வேண்டாம் சார்."

வெளியே வந்தபோது நோட்டுக்காரி ஏப்ரனைக் கட்டிக்கொண்டிருந்தாள். "அக்கா, சத்தியமா உங்க இடம்னு தெரியாது. புதுசா ஒரு கவுண்டர் திறக்குறோம்னுதான் சொன்னாங்க," என்றாள். பில்லக்காவுக்கு அவளை ஓங்கி ஒரு அறை விட வேண்டும்போல இருந்தது. தன் வாயை நினைத்தால் இன்னும் ஆத்திரமாக வந்தது. அவளை உட்கார வைத்து வேலையை ஊட்டிவிட்டிருக்கிறாள்.

"நேத்து பாதியைச் சுத்தி எடுத்துட்டுப் போனியே, யாருக்கு?"

"பொண்ணுக்கு."

"சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா. நிஜக் கறியான்னு கேட்டா. ஆமான்னு சொல்லிட்டேன்."

பில்லக்கா பூண்டுச் சாஸ் பாட்டிலை எடுத்து அவள் கைக்கு எட்டுகிற பக்கம் வைத்தாள். சட்டி அண்ணன் அதுவரை முகத்தைத் திருப்பவே இல்லை. "சட்டிக்கும் ஏஜென்சில ஆள் இருக்குமா?" என்று எண்ணெயைப் பார்த்தே கேட்டார்.

பன்னிரண்டரைக்குக் கூட்டம் ஏறியது. நோட்டுக்காரியின் விரல் மெஷினில் தடுமாறும்போதெல்லாம் பில்லக்கா பின்னாலிருந்து கை நீட்டி அமுக்கினாள். வணக்கம் சொன்னாள், சிரித்தாள், பன்னைத் திருப்பினாள், கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றேகால். ஒன்றரை. அன்றைக்கென்று பார்த்து ஒன்றரைக்கே கூட்டம் கரைந்தது. ஒன்று முப்பத்தைந்துக்குக் கவுண்டருக்கு முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை.

தூண் பக்கம் நின்றிருந்த சூப்பர்வைசர் காகிதத்தை எடுத்துக்கொண்டு நடந்து வந்தான். "முடிஞ்சுதில்லக்கா. போட்டுடலாமா?"

"ஒரு நிமிஷம் சார்." அவள் சட்டியின் கூடையிலிருந்த வறுவலை ஒரு தட்டில் கொட்டினாள், நாலு பட்டாணிக் கறியைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டாள், கவுண்டரின் பலகைக் கதவைத் தூக்கிவிட்டு வெளியே ஓடினாள். நகரும் படிக்கட்டு மேலே வந்து சேருகிற இடத்தில் போய் நின்றாள்.

"வாங்க, வாங்க. ஒரு வாய் போட்டுப் பாருங்க. காசு வேண்டாம். பிடிக்கலைன்னா என்னைத் திட்டிட்டுப் போங்க."

இப்படிக் கூவி அவள் எதையும் விற்றதில்லை. படிக்கட்டில் ஏறி வந்த ஒரு கும்பல் சிரித்துக்கொண்டு நின்றது. துணிப்பைகளோடு வந்த ஒரு குடும்பம் நின்றது. "தம்பி, நீங்க எடுத்துக்குங்க. அம்மா, உங்களுக்குத்தான். இதுல பாலே கிடையாது, வயித்துக்கு ஒண்ணும் பண்ணாது. சூடு ஆறுறதுக்குள்ள அங்க போய்ச் சொல்லுங்க." கையைப் பிடித்து இழுக்காத குறைதான். காலி தட்டோடு ஓடி, நிரப்பிக்கொண்டு திரும்ப ஓடினாள். வீங்கின காலில் செருப்பு வார் அறுந்தது. அதை ஓரமாக உதறிவிட்டு ஒற்றைச் செருப்போடு நின்று கூப்பிட்டாள். வரிசை கவுண்டரிலிருந்து நீண்டு தூணைத் தாண்டியது.

சூப்பர்வைசர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். காகிதம் அவன் சட்டைப் பைக்குள் போயிருந்தது. "இப்படியெல்லாம் கூட்டம் சேர்க்கத் தெரியும்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா," என்றான்.

இரண்டு எட்டுக்குப் போன் அதிர்ந்தது. தட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு எடுத்தாள்.

"துவைச்சுக் காயப் போட்டாச்சு," என்றார் வீட்டுக்காரர். "கார்டு தேச்சு ரசீதும் குடுத்துட்டாங்க. ஏன் இப்படி மூச்சு வாங்குறே?"

"கடையில கூட்டம்."

"நல்லதுதானே. சனிக்கிழமை கொஞ்சம் முன்னாடி வந்தா ஜன்னல் ஓரக் கட்டில் தர்றேன்னு நர்ஸம்மா சொல்லியிருக்கு."

"சரிங்க. வீட்டுக்குப் போய்ப் படுங்க," என்றாள்.

சூப்பர்வைசரிடம் காகிதத்தைக் கேட்டு வாங்கி, குளிர்பெட்டியின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். நேரம் என்ற கட்டத்தில் இரண்டு பத்து என்று எழுதினாள். தொப்பியைக் கழற்றி நோட்டுக்காரியின் பக்கத்தில் வைத்தாள். அவள் நிமிர்ந்து பார்க்க நேரமில்லாமல் மெஷினை அமுக்கிக்கொண்டிருந்தாள், அடுத்த ஆளுக்கு வணக்கம் சொன்னாள்.

பலகைக் கதவைத் தூக்கிவிட்டு பில்லக்கா வெளியே வந்தாள். வழி முழுக்க ஆள். அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி வரிசைக்குள் உடம்பைச் சாய்த்து நுழையப் பார்த்தாள். சற்று முன் அவள் தட்டிலிருந்து இரண்டு துண்டு எடுத்துத் தின்ற ஒரு ஆள், தொப்பியில்லாத அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையைக் குறுக்கே நீட்டினார்.

"வரிசை இருக்கும்மா. பின்னாடி போய் நில்லுங்க."