பியோ அக்கா கடையில் காசு கொடுத்தது யார்?

1.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதை பக்கத்து மேசையில் பொறுக்கியது. தென்கொரியாவின் ப்யொங்தேக்கில், அமெரிக்க ராணுவத் தளத்தின் வாசலில் முப்பது வருடம் டாக்சி ஓட்டினேன். ஓய்வுக்குப் பின் அடுத்தவர் பேச்சைக் கேட்பதே உத்தியோகம். கொஞ்சம் ஊதியிருக்கிறேன். (கொஞ்சம் என்றால், எலியை யானையாக்கும் அளவுக்கு.)

முதல் தொடக்கம்: "இரண்டு வல்லரசுகள் மோதிக்கொண்ட அந்த வசந்தத்தில்..." வேண்டாம். தென்கொரியாவை வல்லரசு என்றால் என் மனைவியே சிரிப்பாள்.

இரண்டாம் தொடக்கம்: "கொரோனா வந்த வருடம், ஏப்ரல் முதல் தேதி காலை, வேலைக்கு வராதே என்று குவாக் தொங்சொப்பிடம் சொல்லியிருந்தார்கள். முட்டாள்கள் தினக் கூத்து என்று நினைத்து அவன் வாசலில் போய் நின்றான்." இது இருக்கட்டும்.

2.

தொங்சொப் தளத்துக்குள் கொதிகலன் பார்ப்பவன். இருபத்தாறு வருடமாக இருபதாயிரம் சிப்பாய்களுக்கு வெந்நீர் அவன் கையால்தான். (பத்தாயிரம் என்றுதான் எழுதினேன். பார்க்கச் சின்னதாக இருந்தது.) அவன் சம்பளம், தளத்துக்காக நம் அரசு தருகிற பங்கிலிருந்து வருவது. அந்தப் பங்கை ஐந்து மடங்காக்கு என்றது அமெரிக்கப் பக்கம். ஆகாது என்றது நம் பக்கம். ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. நாலாயிரம் பேருக்குச் சம்பளமில்லா விடுப்பு. "சும்மாவே வந்து பாத்துக்கறேன்" என்றான் தொங்சொப். சட்டம் அதற்கும் இடம் தரவில்லை.

அவன் மனைவி இன்சுக்கின் அண்ணன் கொச்சாங்கில் விலாங்கு மீன் பண்ணை வைத்திருக்கிறான். அங்கே வேலைக்கு வரச் சொல்லி, பத்தாவது வாரம் அவன் கெடு வைத்தான்: "வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க மாப்ள, இல்லன்னா வேற ஆளப் போட்டுருவேன்." போனால் இருபத்தாறு வருடமும் ஆற்றில் கரைத்த புளி. போகாவிட்டால் அரிசிப் பானை காலி.

(இவ்வளவு பொறுமையான மனிதன் உண்டா? எனக்கே சந்தேகம். இன்சுக்கிடம் படித்துக் காட்டினேன். "பொறுமையா? ரிமோட்ட மூணு தடவ செவுத்துல விட்டெறிஞ்சாருண்ணே. அதையும் எழுதுங்க." எழுதிவிட்டேன்.)

3.

வியாழக்கிழமை மதியம். பியோ அக்கா கடை. தொங்சொப்பும் அவனுடைய அமெரிக்க மேலாளர் லாய்டும் பதினோரு வருடமாக வியாழன்தோறும் அங்கேதான். நடுவில் சட்டி, அதில் கிம்ச்சி, சாசேஜ், நூடுல்ஸ் எல்லாம் ஒன்றாகக் கொதிக்கும். டிவியில் பேச்சுவார்த்தைச் செய்தி.

நான்தான் பக்கத்து மேசையிலிருந்து பற்றவைத்தேன். "ஏம்ப்பா லாய்டு, வாடகைக்கு இருக்கறவனுக்கு வீட்டுக்காரன் காசு குடுத்து எங்கயாவது பாத்திருக்கியா?"

"நான் வாடகைக்கு இருக்கேனா அண்ணே? காவலுக்கு நிக்கறேன்னுல்ல நெனச்சேன்." லாய்டு நம் பேச்சை நன்றாகவே பேசுவான்.

"காவக்காரன் தோட்டத்துல கோல்ஃப் ஆடுவானா?" என்றாள் பியோ அக்கா, சட்டியில் தண்ணீர் ஊற்றியபடி.

"வடக்கேருந்து ஏதாவது விழுந்தா அந்தக் காவக்காரனத்தான் தேடுவீங்க, சும்மா இருங்க" என்றான் தொங்சொப். பிறகு அவனே, "அதுக்காக அஞ்சு மடங்கா? எந்த ஊர் நியாயம்டா?" என்றான்.

லாய்டு கரண்டியை வைத்தான். "எனக்கென்ன தெரியும்? பத்து வாரமா பச்சத்தண்ணில குளிக்கறேன். உன்ன வான்னு கூப்பிட எனக்கு அதிகாரம் இல்ல."

(இந்த இடத்தில் ஒரு கட்டுரை எழுதப் பார்த்தேன்: "காவல் இருவருக்கும் என்றால் செலவும் இருவருக்கும். ஆனால் நிலம் நம்முடையது. அந்த நிலத்துக்கு விலை போட்டால், அவர்கள்தான் நமக்கு... ஆனால் அவர்கள் போய்விட்டால்..." கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.)

4.

எங்கள் ஊரில் சாப்பிட்டு முடித்ததும் கல்லாவுக்கு ஓட்டப்பந்தயம் நடக்கும். சட்டையைப் பிடித்து இழுத்தாவது நண்பனைக் கொடுக்க விடமாட்டோம். லாய்டும் இதைக் கற்றுத் தேறியவன்.

அன்று அவன் எழுந்ததும் தொங்சொப் சிரித்தான். "உக்காருடா. காலைலயே குடுத்துட்டேன். சம்பளம் இல்லாதவன்னு எனக்கு எவனும் சோறு போட வேணாம்."

"நான் நேத்தே குடுத்துட்டேனே."

இருவரும் பியோ அக்காவைப் பார்த்தார்கள்.

"ஆமாப்பா, ரெண்டு பேர்கிட்டயும் வாங்குனேன். குடுப்பேன்னு நிக்கறவன்கிட்ட மல்லுக்கட்டவா முடியும்?" இரண்டு பங்கு நோட்டையும் மேசைமேல் போட்டாள். "நீங்களே தீத்துக்குங்க."

"அவன்கிட்டயே குடுங்க" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னபோது தொங்சொப்பின் போன் அதிர்ந்தது. தொழிற்சங்கத்திலிருந்து. ஊழியர் சம்பளத்தை மட்டும் இப்போதைக்கு நம் அரசே கொடுக்கும்; திங்கட்கிழமை வேலைக்கு வரவும்.

மூன்று முறை படித்துவிட்டுப் போனை லாய்டிடம் நீட்டினான். "நான் படிச்சது சரியான்னு பாரு."

"சரிதான்" என்றான் லாய்டு. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டான். மிளகாய்க் காரம் என்றான்.

5.

அந்த நோட்டுகள்?

முடிவு அ: லாய்டு தன் பணத்தை எடுத்துக்கொண்டான். முடிவு ஆ: தொங்சொப் எடுத்துக்கொண்டான். முடிவு இ: இருவர் பணத்தையும் நான் எடுத்துக்கொண்டேன். (எனக்குப் பிடித்தது இதுதான்; என் மனைவி வெட்டிவிடச் சொல்கிறாள்.) யார் கொடுப்பது என்று இரண்டு நாட்டு அமைச்சர்களே உட்கார்ந்தும் தீராததை, பெட்ரோல் கணக்கே ஒழுங்காகப் போடாத நான் தீர்ப்பேனா? உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள்.

தொங்சொப் நேராக வீட்டுக்குப் போனான். முகக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் இன்சுக்கிடம் சொன்னான். பட்டப்பகல் இரண்டு மணிக்குப் படுத்தான். வெள்ளிக்கிழமை மச்சான் விடாமல் அழைத்தான். இன்சுக்தான் எடுத்து, "வேற ஆளப் பாருண்ணே, இவர் தூங்கறாரு" என்றாள்.

பதினைந்து மணி நேரம் தூங்கினான் என்று அடக்கமாகவே எழுதினேன். இன்சுக் படித்துவிட்டுப் பேனாவைப் பிடுங்கினாள்.

"இருபத்திரெண்டுண்ணே. கொறைக்காதீங்க."