பிரியத்துடன் சுமந்த கட்டில்

ஜெனீவா என்கிற ஊரை நான் பார்த்ததில்லை. அது மலைமேல் இருக்கிறதா, தண்ணீர் ஓரத்தில் இருக்கிறதா என்று கேட்டால்கூட முழிப்பேன். ஆனால் அந்த ஊருக்கு, ‘எங்கள் சமஸ்தானத்தில் அடிமைத்தனம் இல்லை, கட்டாய வேலை இல்லை, எல்லாரும் சௌக்கியம்’ என்று வருஷா வருஷம் இங்கிலீஷில் எழுதிக்கொண்டிருந்தவன் நான்தான். கரமனையில் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி யாருக்குக் காய்ச்சல் என்று எனக்குத் தெரியாது. சமஸ்தானம் முழுக்கச் சௌக்கியம் என்று மட்டும் தெரியும். சர்க்கார் சம்பளம் வாங்கினால் இப்படி ஒரு ஞானதிருஷ்டி வந்துவிடுகிறது.

நடைமுறை இதுதான். ஜெனீவாவில் இருக்கும் சர்வதேச சங்கம் லண்டனைக் கேட்கும். லண்டன் டில்லியைக் கேட்கும். டில்லி, சமஸ்தானத்தில் வெள்ளைக்காரன் உட்கார்த்தி வைத்திருந்த ரெசிடெண்ட் துரையைக் கேட்கும். துரை எங்கள் ஆபீசான ஹஜூர் கச்சேரியைக் கேட்பார். கடைசியில் எங்கள் செக்ஷன் சூப்பரிண்டெண்ட் சுந்தரராமன் என்னைக் கேட்பார். நான் யாரைப் போய்க் கேட்பது? போன வருஷத்துப் பதிலை எடுத்துத் தேதியை மாற்றுவேன்.

சுந்தரராமன் என் அக்காவின் புருஷன். வலியசாலையில் அவர் வீட்டுக்குப் போனால் ‘அத்திம்பேர்’, ஆபீசில் ‘சார்’. கோபம் வந்தால் இரண்டு இடத்திலும் நான் ‘டேய் நாகு’. முழுப்பேர் நாகேஸ்வரன் என்பது சம்பளப் பட்டியலுக்கு மட்டும்.

முப்பத்தொன்றாம் வருஷம் போன வருஷத்துப் பதில் உதவவில்லை. தெற்கே பனங்காலவிளை என்கிற ஊரிலிருந்து ஜெயபாய் என்று ஒருத்தி நேரே ஜெனீவாவுக்கே மனு எழுதிவிட்டாள். மிஷன் பங்களா அம்மாள் லீவில் சீமைக்குப் போனபோது அதைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாளாம்.

விஷயம் இது. தாசில்தார் முகாம் போகும்போதெல்லாம் அவருடைய கட்டில், மேஜை, குளிக்கிற தொட்டி, கோழிக்கூடு எல்லாவற்றையும் ஊர்க்காரர்கள் கூலியில்லாமல் அடுத்த ஊர்வரை சுமக்க வேண்டும். இந்த ஊழியத்தைச் சட்டப்படி எப்போதோ நிறுத்தியாயிற்று. சட்டத்துக்குத்தான் பனங்காலவிளை வரை நடக்கக் கால் வரவில்லை. ஜெயபாயின் புருஷன் சத்தியதாஸ் பனையேறுகிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வழியில் அவனைப் பிடித்து, கட்டிலைத் தூக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றான். உத்தியோகஸ்தரின் வேலைக்கு இடைஞ்சல் செய்தான் என்று கேஸ் போட்டு உள்ளே வைத்துவிட்டார்கள்.

லண்டனில் வட்டமேஜை மாநாடு போட்டு எல்லாரும் நல்ல கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சமயம். ‘மனுதாரரின் வாக்குமூலத்தோடு உடனே பதில் வேண்டும்’ என்று துரையிடமிருந்து வந்தது.

அத்திம்பேர் வழி கண்டுபிடித்தார். ஜெயபாயை வரவழைப்பது. ‘சர்க்கார்மேல் உள்ள பிரியத்தால் நாங்களாகவே சுமந்தோம், மனு தவறுதலாக எழுதப்பட்டது’ என்று வாக்குமூலம் வாங்குவது. ஒப்பு, அதாவது கையெழுத்து, போட்டால் அன்றைக்கே கேஸ் வாபஸ், சத்தியதாஸ் வீட்டுக்கு. வாசகம் என்னுடையது. அத்திம்பேர் ‘சம்மதம்’ என்றுதான் சொன்னார். ‘பிரியம்’ என்று போட்டது நான். எனக்குக் கொஞ்சம் இலக்கிய வியாதி உண்டு.

வாக்குமூலத்தை மனுதாரரின் பாஷையில் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. ‘படிக்கக் கேட்டேன், சரி’ என்று அவர் கைப்பட எழுத வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் பெருவிரல். அதை நான் இங்கிலீஷாக்கி, ‘உண்மை மொழிபெயர்ப்பு’ என்று கையெழுத்துப் போட வேண்டும். சர்க்கார் பாஷை மலையாளம்; எங்கள் செக்ஷனில் தமிழ் எழுத்துப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். சிரிக்காதீர்கள். அத்திம்பேர் வீட்டில் பேசுவது தமிழ், சண்டை போடுவது தமிழ், தூக்கத்தில் உளறுவதும் தமிழ். ஆனால் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்து அவருக்குக் கோலம் மாதிரி. அழகாக இருக்கும், அர்த்தம் கிடையாது. நானும் அக்காவும் திருநெல்வேலியில் மாமா வீட்டில் வளர்ந்ததால் எங்களுக்கு அந்த வித்தை வந்தது.

ஜெயபாய் பஸ்ஸில் வந்து இறங்கினாள். சர்ச்சுக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலை, செம்மண் படிந்த கால். பியூன் கோலப்பன் கைரேகைக்கு மை டப்பாவைத் திறந்து தயாராக நின்றான். நான் வாக்குமூலத்தைப் படித்தேன். அவள் தலையைச் சாய்த்து முழுசும் கேட்டாள்.

“இத எழுதினது ஆரு சார்?”

“நான்தான் அம்மா.”

“நல்லாத்தான் எழுதியிருக்கியோ. ஒரு சந்தேகம். இம்புட்டுப் பிரியமாச் சொமக்குத மனுசன எதுக்கு சார் ஜெயில்ல போட்டியோ?”

கோலப்பனுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

“நாகு, அவள்கிட்ட சொல்லு,” என்றார் அத்திம்பேர். “ஒப்புப் போட்டா இன்னிக்கே புருஷன் வெளில. இல்லேன்னா கோர்ட் விட்ட வழி. வெறுதே கொழப்பம் பண்ண வேண்டாம்.”

அவர் சொன்னதும் தமிழ்தான். ஆனாலும் என் வாய் வழியாகப் போனால்தான் அது சர்க்கார் வார்த்தை. சொன்னேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அவருக்கு நெஞ்சுச் சளி உண்டு சார். அங்க ஈரத்தரை,” என்றாள். பிறகு கையை நீட்டினாள். கோலப்பன் மை டப்பாவை நீட்ட, அதைத் தள்ளிவிட்டாள். “எனக்கு எழுதத் தெரியும். பேனா தாங்க.”

மெதுவாக எழுதினாள். மை காய ஊதினாள். அத்திம்பேர் எட்டிப் பார்த்தார். தமிழில் ஒரு வரி, கீழே ஒரு பேர். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியா, இவ்வளவுதான் காரியம்! எடுத்துண்டுபோய் இங்கிலீஷ்ல எழுதிக் கையெழுத்தப் போடு. தபால் போகணும்.”

நான் பார்த்தேன். ‘படிக்கக் கேட்டேன். பொய். ஜெயபாய்.’

குனிந்து தணிந்த குரலில் சொன்னேன்: “அம்மா, நான் இங்கிலீஷ்ல ‘சரி’ன்னு எழுதிட்டா அவர் இன்னிக்கே வந்துடுவார். நான் என்ன எழுதினேன்னு உங்களுக்குத் தெரியவே போறதில்லை.”

“எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்லா?” என்றாள் அவளும் தணிந்த குரலில். “அவரு வரணும்னுதான் சார் நான் இம்புட்டுத் தூரம் வந்தது. ஆனா நான் இதுக்கு ஒப்புப் போட்டா, நாளைக்கு ஊரு பூராவும் பிரியமாச் சொமக்கணும்.”

நான் நிமிர்ந்து உரக்கச் சொன்னேன். “சார், இவங்க எழுதியிருக்கறது, ‘படிக்கக் கேட்டேன், பொய்’.”

“பொய்யா? எதுடா பொய்?”

“என் வாசகம்.”

“நீ ‘சரி’ன்னு எழுது.”

“முடியாது அத்திம்பேர்.”

“ஆபீஸ்ல அத்திம்பேர்னு கூப்பிடாதே!”

“முடியாது சார்.”

அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “உங்க அக்கா முகத்துக்காகவாவது...”

“அக்கா இதைப் பாத்தா என் கட்சிதான். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியும்.”

“வேற ஆளை வச்சு எழுதிக்கறேன்.”

“தாராளமா. ஆரியசாலை மண்டியிலேருந்து ஒரு கணக்கப்பிள்ளையைப் பிடிச்சுண்டு வாங்கோ. ஜெனீவாவுக்குப் போற பொய்யை அவன் விளக்கு வைக்கறதுக்குள்ள சாலைக்கடைத் தெரு முழுக்கச் சொல்லிடுவான்.”

அத்திம்பேர் மறுபடி உட்கார்ந்தார். கெட்டவர் இல்லை, பென்ஷனுக்குப் பக்கத்தில் இருக்கிறவர். எனக்கே பாவமாக இருந்தது.

“ஒரு வழி இருக்கு சார். இந்த வாக்குமூலமே வேண்டாம். ‘ஊழியம் செய்ய மறுத்ததற்காக யாரும் சிறையில் இல்லை’ன்னு எழுதுவோம்.”

“ஒருத்தன் இருக்கானே!”

“விட்டுட்டா இருக்க மாட்டானே. நாம எழுதினது நிஜமாப் போயிடும். இதுவரைக்கும் நாம செஞ்சு பாக்காத காரியம்.”

என்னை முறைத்தார். பிறகு ஜெயபாயின் தாளோடு மேலே போனார். மேலே என்ன பேசினார்களோ, எனக்குத் தெரியாது. ‘பொய்’ என்று மனுதாரரே கைப்பட எழுதிய தாள் வட்டமேஜைப் பக்கம் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாரோ யோசித்திருக்க வேண்டும். மத்தியானம் கேஸை வாபஸ் வாங்கச் சொல்லித் தெற்கே தந்தி போயிற்று. என் ஒற்றை வரிப் பதில் துரைக்குப் போயிற்று.

கோலப்பன் வராந்தாவில் காத்திருந்தவளிடம் ஓடிப்போய்ச் சொன்னான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உதடு மட்டும் அசைந்தது, ஜெபம்போல. புறப்பட்டுவிடுவாள் என்று நினைத்தேன். எழுந்து நேரே உள்ளே வந்தாள்.

“நான் எழுதினது அந்த ஜெனீவா ஊருக்குப் போச்சா சார்?”

“உன் புருஷன்தான் வராரே அம்மா,” என்றார் அத்திம்பேர், இந்தத் தடவை நேராகவே. “இனி அது எதுக்கு? இவ்வளவு மதி, போதும். வீட்டுக்குப் போ.”

“அவரு வாறது எனக்கு. எழுதினது எங்க ஊருக்கு. அடுத்த முகாமுக்குக் கட்டில ஆரு சார் தூக்குவா? நீங்களா?”

அத்திம்பேர் கட்டில் தூக்குவதை நான் ஒரு நொடி நினைத்துப் பார்த்தேன். நினைத்திருக்கக் கூடாது. சிரிப்பு வந்துவிட்டது.

“ஒரு காகிதம் தாங்க,” என்றாள் என்னிடம்.

“அது சர்க்கார் காகிதம்!” என்றார் அத்திம்பேர்.

மாமனாருக்குக் கடுதாசி எழுத வைத்திருந்த என் சொந்தக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அவருக்கு எழுத எனக்கு ஒன்றும் அவசரமில்லை. அவள் பெஞ்சில் உட்கார்ந்து, கட்டில், தொட்டி, கோழிக்கூடு, ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் மறுபடி எழுதினாள். தன்னிடம் ஒப்புக் கேட்ட வாக்குமூலத்தையும் சேர்த்துக்கொண்டாள். ‘பிரியம்’ என்ற வார்த்தையைக்கூட விடவில்லை. படித்தபோது காது சூடாயிற்று. ஜெனீவாவில் படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று, அதன் கீழேயே இங்கிலீஷில் பெயர்க்க ஆரம்பித்தேன்.

அத்திம்பேர் என் மேஜைப் பக்கம் வந்து நின்றார். குரல் தணிந்திருந்தது.

“வேலை போயிடும்டா நாகு.”

“தெரியும்.”

“பயமே இல்லையாடா உனக்கு?”

“இல்லாம என்ன? கை நடுங்கறது பாருங்கோ. அதனாலதான் பெரிய பெரிய எழுத்தா எழுதிண்டிருக்கேன்.”