அச்சத்துக்கு இரண்டு

"ரெண்டு போதும். மிச்சத்தத் தூக்கித் துணிவுல போடு."

"அச்சத்துக்கு ரெண்டு வச்சா முதல் பாலத்துலயே செத்துருவே."

"போன வாரமும் இதையேதான் சொன்னே."

"போன வாரமும் செத்தியே."

அண்ணன் சிரித்தபடி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டான். செல்போன் கோபுரங்களில் ஏறிப் பழுது பார்ப்பது அவன் வேலை. தங்கைக்கு அட்டைப்பெட்டி அச்சகத்தில் வேலை. ஆளும் நெட்டையாக ஒல்லியாக இருந்ததால் வீட்டில் அவள் பெயர் ஒட்டடைக்குச்சி. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, அவள் ஒரு விளையாட்டைப் படைத்துக்கொண்டிருந்தாள்.

விளையாட்டில் ஒவ்வொருவரும் ஓர் ஆளாக மாற வேண்டும். மலைக் காவல் கோபுரங்களுக்கிடையே கடிதம் சுமக்கும் ஆள். அவனுக்கு அறுபது புள்ளிகள். வலு, கைத்திறன், கூர்மை, பேச்சு, துணிவு, அச்சம் என்று ஆறு குணங்களுக்கு அவற்றைப் பங்கிட்டுத் தாளில் எழுதிக்கொள்ளலாம். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றில் குறையும். ஆபத்து வந்தால் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். விழுந்த எண் அந்தக் குணத்துக்குள் அடங்கினால் பிழைத்தான்.

ஆறாவதுதான் தலைவலி. யார் விளையாட வந்தாலும் அச்சத்தைச் சுரண்டி மற்றதில் கொட்டினார்கள். அந்தக் குணத்துக்கு எடையே இல்லை, எடை ஏற்றுங்கள் அல்லது எடுத்துவிடுங்கள் என்று, அவள் விளையாட்டை அனுப்பியிருந்த பதிப்பகத்தார் எழுதியிருந்தார்கள். ஒரு மாதம் மண்டையைக் குடைந்து அவள் புது விதி ஒன்று எழுதினாள். ஆபத்துக்கு முன்னால் அட்டைத் தடுப்புக்குப் பின்னே அவளே பகடையை உருட்டுவாள். எண் அச்சத்துக்குள் அடங்கினால், அந்த ஆளுக்கு மட்டும் மெல்லச் சொல்வாள்: ஏதோ சரியில்லை. மற்ற ஐந்து குணங்களும் நடந்துவிட்டதைச் சமாளிக்கத்தான். நடக்காததை முன்கூட்டிக் காட்ட இது ஒன்றுதான்.

அப்படியும் அண்ணன் இரண்டுதான் வைத்தான்.

"ரெண்டே அவருக்கு அதிகம்," என்றாள் அண்ணி. "அதுல ஒண்ணு எனக்காக வச்சது."

பாலம் வந்தது. தடுப்புக்குப் பின்னே பதினான்கு விழுந்தது. தங்கை வாயைத் திறக்கவில்லை. இடுப்புக் கயிற்றைக் கட்டினாயா என்று மட்டும் கேட்டாள்.

"கட்டிட்டேன்னு வச்சுக்கோ."

எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆட்டம் இழுக்கக் கூடாதென்று அவளும் இத்தனை நாள் விட்டுக்கொடுத்தாள். இன்று விடவில்லை. பலகை முறிந்தது, ஆள் போனான். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, புதுத் தாள் கொடு என்று கை நீட்டினான்.

சாயங்காலம் மேசையை ஒழிக்கும்போது அவள் தாள்களுக்கிடையே ஒரு மஞ்சள் தாள் வந்தது. ஒரு நாளைக்கு ஒரு வரி, வரிக்கு ஆறு கட்டங்கள். இடுப்புப் பட்டை, தோள் பட்டை, முதல் கொக்கி, இரண்டாம் கொக்கி, கயிறு, தலைக்கவசம். அண்ணன் கோபுரம் ஏறும் முன் ஒவ்வொன்றையும் சோதித்துக் குறியிட வேண்டிய அலுவலகப் படிவம். திங்கள் முதல் சனி வரை முப்பத்தாறு கட்டங்களிலும் குறி இருந்தது. மதியம் அவன் காதில் செருகியிருந்த அவளுடைய பென்சிலால் போட்டது. திங்கட்கிழமை இன்னும் பிறக்கவே இல்லை.

ஆட்டக் குறிப்பேட்டைப் புரட்டினாள். ஏழு ஞாயிறுகளில் அண்ணனின் ஆள் ஒன்பது முறை செத்திருந்தான். இன்று விட்டுக்கொடுக்காததால் ஒரு முறை. மற்ற எட்டும், கயிறு கட்டியதாக அவள் விட்டுக்கொடுத்த பிறகும் வேறு ஆபத்துகளில். எந்த ஆளை எழுதினாலும் கயிறு விஷயத்தில் அவன் அண்ணனாகவே இருந்தான்.

அடுப்படியில் அவனைத் தனியாகப் பிடித்தாள். அவன் அசரவில்லை. அலுவலகத்துக்குத் தாள் போதும், எல்லாரும் வாராவாரம் இப்படித்தான் நிரப்புகிறார்கள், பதின்மூன்று வருஷமாக ஒரு கீறல் பட்டதில்லை என்றான்.

"உச்சிக்குப் போனதும் மாட்டிருவேன்டி. ஏறும்போது படிக்குப் படி ரெண்டு கொக்கியையும் மாத்தி மாத்தி மாட்டிட்டிருந்தா அங்கேயே பொழுது போயிடும்."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"அவகிட்ட..." என்று தொடங்கியவன் தண்ணீர் குடித்தான்.

திங்கள் காலை பதினோரு மணிக்குக் காற்று எழுந்தது. அச்சகத்தின் மூன்றாம் மாடியில் வெட்டி அடுக்கிய அட்டைகள் பறந்தன. ஜன்னலைச் சாத்தப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னே கோபுரம். அதன் கால்வாசி உயரத்தில் ஓர் ஆரஞ்சுப் புள்ளி. இன்று அந்தக் கோபுரம்தான் என்று அவன் சொல்லியிருந்தான்.

அவ்வளவு தூரத்தில் கொக்கி தெரியாது. ஆனால் ஏறுவது தெரிந்தது. கொக்கியை மாற்றி மாட்டுகிறவன் படிக்குப் படி நிற்க வேண்டும். புள்ளி எங்கேயும் நிற்கவில்லை. கண்ணாடியில் ஊரும் எறும்பு மாதிரி ஒரே சீராக மேலே போயிற்று.

கைபேசியை எடுத்தாள். மணி அடித்தால் ஒரு கையைப் படியிலிருந்து எடுப்பான் என்று தோன்றியது. சூடு பட்டவள்போல் அதைக் கீழே வைத்தாள். செருப்பை மாட்டக்கூட நிற்காமல் படியிறங்கி ஓடினாள். தெருவெல்லாம் தூசி. கட்டடங்களுக்கு நடுவே கோபுரம் மறைந்தபோதெல்லாம் இன்னும் வேகமாக ஓடினாள். மறுபடி தெரிந்ததும் முதலில் அதன் அடியைத்தான் பார்த்தாள், பிறகுதான் மேலே.

வேலிக்குள் கீழாள் பன் தின்றுகொண்டிருந்தார். ஏறுகிறவனோடு வயர்லெஸ்ஸில் பேச, கீழே எப்போதும் ஒருவர் நிற்பார். தங்கச்சி என்று சொல்லி வயர்லெஸ்ஸைக் கேட்டாள்.

"ஏறும்போது வீட்டாளுங்க பேசக்கூடாதும்மா. கவனம் கலைஞ்சிரும்."

அவள் பதில் சொல்லாமல் மேலே காட்டினாள். புள்ளி நின்றிருந்தது. ஏணி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறும் இடம்; நடுவில் கால் வைக்க ஒரு தகடுதான். கோபுரமே லேசாக ஆடியது. கீழாளின் வாய் மெல்வதை நிறுத்தியது. சற்று நேரம் பார்த்துவிட்டு, அவராகவே வயர்லெஸ்ஸை நீட்டினார்.

கத்தினால் திடுக்கிடுவான். அழுதால் குனிந்து பார்ப்பான். அவளுக்குத் தெரிந்த ஒரே நிதானமான குரல், அட்டைத் தடுப்புக்குப் பின்னிருந்து பேசும் குரல். அதை எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

"அண்ணா, நான்தான். கீழ பாக்காதே."

காற்றின் இரைச்சல். அதற்குள் ஒரு மூச்சு.

"ஏதோ சரியில்லண்ணா."

வாயைத் திறந்தால் 'மாட்டிட்டேன்னு வச்சுக்கோ' என்பான் என்று அவளுக்குத் தெரியும். அந்த வார்த்தை வரும் முன் மறுபடி அழுத்தினாள்.

"எதுவும் சொல்லாதே. ஒரு கையால கம்பிய இறுக்கிப் பிடிச்சுக்கோ. இன்னொரு கையால கொக்கிய எடுத்து மாட்டு. மாட்டிட்டு, அந்த இரும்புச் சத்தம் எனக்குக் கேக்கற மாதிரி ஒரே ஒரு தடவ இழுத்துக் காட்டுண்ணா."