நாலாயிரம் நீல நாக்குகள்

1

இந்தக் கதை என் சட்டைப் பையில் பிறந்தது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, எந்தச் சட்டை என்றுகூடச் சொல்ல முடியும். ஆனால் அதைக் கொஞ்சம் ஒத்திவைக்கிறேன். எழுத்தாளர்கள் இதை உத்தி என்பார்கள். என் அக்கா கேட்டால் வேறு சொல் சொல்வாள்.

2

தொடக்கங்கள்:

"தாகம் என்பது மானுடத்தின் ஆதி..." (அடித்துவிட்டேன். தாகம் கோழிகளுக்கு.)

"அன்று நாலாயிரம் கோழிகளும் ஒரே பக்கம் திரும்பி..." (அவசரப்பட்டுவிட்டேன். இது பிறகு.)

சரி, நேராகவே. அக்காவிடம் நாலாயிரம் கறிக்கோழிகள், மூன்று வார வயது. வேலிக்கு அப்பால் இருக்கிற பண்ணையில் போன வாரம் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து ஒன்றுகூட மிஞ்சவில்லை. அங்கே இப்போது தரை முழுக்கச் சுண்ணாம்பு. விசிறிகளை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. காலிக் கொட்டகையில் அவை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

அதனால் செவ்வாய்க்கிழமை அக்கா தடுப்பு மருந்து கொடுத்தாள். நான் 'கள அனுபவம்' பெறப் போயிருந்தேன்.

3

இந்த மருந்துக்கு ஊசி கிடையாது. இரண்டு மணி நேரம் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். கோழிகள் காலிக் குடுவைகளைச் சுற்றி நெருக்கியடித்து நிற்கும். அப்புறம் மருந்து கலந்த தண்ணீர் வரும். அதில் ஒரு நீல மாத்திரையும்* போடுவார்கள்.

* மருந்தில்லை, வெறும் சாயம். குடித்த கோழியின் நாக்கு நீலமாகிவிடும். யார் குடித்தது, யார் குடிக்கவில்லை என்று பார்த்தாலே தெரியும். விமர்சகர்களுக்கும் இப்படி ஒன்று... (வேண்டாம்.)

கோழிகள் குடித்து முடித்தபின் கால்நடை மருத்துவர் வந்தார். ஒரு கோழியின் அலகைப் பிளந்து, மேடையில் நிற்பவர்போலத் தூக்கிப் பிடித்தார்.

"பாருங்கம்மா! நூத்துக்கு நூறு! இதான் அறிவியல்!" கைபேசியில் படமும் எடுத்துக்கொண்டார்.

"அதைக் கீழ விடுங்க டாக்டர்," என்றாள் அக்கா. "நீங்க சிரிக்கச் சொன்னா அது எப்படிச் சிரிக்கும்?"

4

இங்கே கதைக்கு ஒரு தவறு தேவை. நீல மாத்திரை தண்ணீருக்குள் போயிற்று. மருந்துக் குப்பி போகவில்லை. யார் பிழை?

முதல் வரைவில் மருத்துவர் தலையில் கட்டினேன். ஆனால் அவர் வந்ததே பிற்பாடு. ஆகவே ஒரு பணியாளரைப் படைத்தேன்: நடுவயது, தோளில் துண்டு, ஞாபகமறதி. அவர் மறக்க மறுத்தார். மூன்று வரைவுகளிலும் குப்பியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, பொறுமையாக மூடியைத் திறந்தார். அடித்துவிட்டு எழுதினால் மறுபடியும் சரியாகவே செய்தார். நான்காம் வரைவில் வெறுங்கையை என் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றார். நான் எழுதாத வசனம் ஒன்றைப் பேசினார்:

"குப்பியைக் குடுங்க சார். உங்க பாக்கெட்லதான இருக்கு?"

(அவரை நீக்கிவிட்டேன். அடுத்த பக்கத்தில் துண்டு மட்டும் கிடந்தது.)

5

ஆமாம். ஐஸ் டப்பாவிலிருந்து எடுத்து அக்கா என் கையில்தான் கொடுத்தாள்.

"இந்தாடா, தண்ணிக்குள்ள வச்சே திற. காத்துப் படக்கூடாது."

அந்த நேரம் பார்த்து மாத்திரை கரைந்து நீலம் விரிந்தது. எனக்கு ஓர் உவமை வந்தது. குப்பியைப் பையில் போட்டுவிட்டுக் குறிப்பேட்டை எடுத்தேன். அவள் திரும்பிப் பார்த்தபோது தண்ணீர் நீலமாக இருந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தாள். நானும்தான்.

திரும்பும் பேருந்தில் நெஞ்சருகே ஏதோ உருண்டது. உயிருள்ள மருந்து அது; சூடு பட்டால் செத்துவிடும். எழுத்தாளனின் நெஞ்சுச் சூட்டைப் பற்றி மூன்று மேடைகளில் பேசியிருக்கிறேன். அது உண்மையிலேயே வேலை செய்யும் என்று அன்றுதான் தெரிந்தது.

(உவமை: "ஒரு வதந்தியைப் போல நீலம்..." அப்படியொன்றும் பிரமாதமில்லை.)

6

இன்று மூன்றாம் நாள். காலையில் அக்கா அழைத்தாள்.

"என்னடா, கதை முடிஞ்சுதா?"

"எழுதிட்டே இருக்கேன்க்கா. கோழி எப்படி?"

"அதான் ஒண்ணும் புரியல. எல்லாம் ஒரே பக்கமா திரும்பி நிக்குதுடா. வேலிப் பக்கமா. தண்ணி இருக்கு, தீனி இருக்கு. சத்தந்தான் இல்ல."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேனே. 'நூத்துக்கு நூறு நீலம்மா, நிம்மதியா தூங்குங்க'ன்னுட்டாரு. நீயும்தான் கூட இருந்து பாத்தே. அந்தத் தைரியத்துல இருக்கேன். இதுவும் போச்சுன்னா கொட்டகைய மூடிட்டு யார்கிட்டயாவது வேலைக்குத்தான்டா போகணும்."

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். "பாத்தேன்க்கா" என்று வந்தது.

7

முடிவுகள்:

(அ) நான் சொல்லிவிடுகிறேன். அக்கா வாய் வலிக்கத் திட்டுகிறாள். நாளைக் காலை மறுபடி தண்ணீரை நிறுத்தி மருந்து கொடுக்கிறாள். ஒருவேளை இன்னும் நேரம் இருக்கலாம்.

(ஆ) நான் கதையை மெருகேற்றுகிறேன். வேலிக்கு இரண்டு பக்கமும் விசிறிகள்... (இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

அக்கா கதையெல்லாம் படிக்க மாட்டாள். நீங்கள் படிக்கிறீர்கள். அவள் கைபேசி எண்ணைக் கைப்பிரதியின் ஓரத்தில் எழுதியிருக்கிறேன். அச்சில் விட்டுப்போனால் நான் பொறுப்பல்ல. கடைசி இரண்டு இலக்கங்களை எழுதத்தான் கை வரவில்லை. நூறு தடவை முயன்றால் ஏதோ ஒன்றில் அவள் எடுப்பாள். "மருந்து போகல" என்று இரண்டே சொல் போதும்.

சொல்வதற்கு முன்னால், அவள் குரலுக்குப் பின்னால் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.