தண்ணீருக்கு ஒரு தொழில்

1994ஆம் ஆண்டு ஆவணியில், கலாநிதி சிவக்கொழுந்தின் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிநாட்டுச் சஞ்சிகையொன்றில் அச்சாகி வந்த அன்று, ஒரு குடம் அளவு தெளிந்த தண்ணீர், குடம் இல்லாமல், அவருக்குப் பின்னால் நடக்கத் தொடங்கியது. வெள்ளவத்தைச் சனம் இரண்டு நாள் திரும்பிப் பார்த்தது, பிறகு மீன் விலையைக் கவனிக்கப் போய்விட்டது. காலி வீதி பஸ்ஸில் கொண்டக்டர் அதற்கு அரை ரிக்கெற் கிழித்தார். இடுப்பளவு உயரம்தானே என்பது அவர் நியாயம். சிவக்கொழுந்து வாதாடவில்லை. தண்ணீரை யன்னலோரம் இருத்திவிட்டுத் தான் நின்றுகொண்டு போனார்.

அவர் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிப்பித்த பெண்மணி. யாழ்ப்பாணத்தில் மூன்று தலைமுறை வாத்திமார் குடும்பம். கல்யாணம் கட்டவில்லை. வெள்ளவத்தையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து இருந்தார். முருங்கை விதைத் தூளைக் கலங்கல் தண்ணீரில் கலக்கினால் சேறு அடியில் படியும் என்பது ஊரில் சிலருக்குத் தெரியும். எந்தத் தண்ணீருக்கு எவ்வளவு தூள், தூளைக் கெடாமல் எப்படி வைப்பது என்பதைக் கண்டுபிடிக்கத் தன் இளமையைக் கொடுத்தவர் சிவக்கொழுந்து. கடைசிப் பரிசோதனைக்கு வெள்ளவத்தைக் கால்வாயில் அள்ளிய தண்ணீர்தான் இப்போது அவரோடு திரிந்தது.

துறைத் தலைவர் பேராசிரியர் பாலசுந்தரத்துக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "எனக்கும் வந்தது பிள்ளை. களஞ்சிய அறையில வைச்சுப் பூட்டிப்போட்டன்" என்றார். மங்குஸ்தான் தோலிலிருந்து சாயம் எடுத்தவர் அவர். அந்த ஊதா நிறம் கொஞ்சக் காலம் அவர் பின்னால் திரிந்து, பதவி உயர்வு கிடைத்ததும் அலுமாரிக்குள் போனது. அந்த அறையில் வேறும் பல அலுமாரிகள் இருந்தன. எல்லாவற்றுக்குள்ளும் ஏதோ சுரண்டும் சத்தம் கேட்கும். படித்தவர்கள் கேட்காததுபோல் தேநீர் குடிக்கப் பழகியிருந்தார்கள். கண்டுபிடிப்பது எங்கள் வேலை, விற்பது கடைக்காரர் வேலை என்பது அங்கே எழுதாத சட்டம்.

1996 தொடக்கத்தில் நகரத்தில் குண்டு வெடித்த பிறகு, பொலிஸ் வீடு வீடாக வந்து தமிழ் ஆட்களைப் பதிந்தது. அறை மூலையில் நின்ற தண்ணீரைக் கண்ட அதிகாரி, அதற்கு அடையாள அட்டை உண்டா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை. எந்த ஊர்? வெள்ளவத்தைக் கால்வாய். அதில் அவருக்குத் திருப்தி. தொழில்? ஆராய்ச்சி என்றார் சிவக்கொழுந்து. "ஆராய்ச்சி நீங்கள் செய்தது. இது என்ன செய்கிறது?" என்றார் அதிகாரி. காலமெல்லாம் விரிவுரை செய்தவர் கட்டுரை வந்த சஞ்சிகையை எடுத்துக் காட்டினார். காரணமில்லாமல் யாரும் கொழும்பில் தங்க முடியாது, சித்திரை முடிய வருவேன், அதற்குள் ஒரு தொழில் இல்லாவிட்டால் களனி ஆற்றில் விட்டுவிடுவோம் என்று அதிகாரி மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார். ஆற்றில் கலந்தால் எது தன் தண்ணீர் என்று யாருக்குத் தெரியும்? சிவக்கொழுந்து அதன் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்து அழுதார்.

பாலசுந்தரம் காலியான அலுமாரியொன்றைத் தர முன்வந்தார். முதலில் உங்களுடையதைக் காட்டுங்கள் என்று சிவக்கொழுந்து கேட்டார். திறந்தபோது ஊதா சாம்பலாகிக் கிடந்தது. "இப்ப சத்தம் குறைவு" என்றார் பேராசிரியர், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "நான் பூட்டமாட்டன் சேர். வேலைக்கு அனுப்பப்போறன்" என்று சிவக்கொழுந்து தண்ணீரைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

கொட்டாஞ்சேனையில் நஸீறா என்ற பெண் நடத்திய லொட்ஜில், வடக்கிலிருந்து வந்து பாஸ்போட்டுக்குக் காத்திருந்த குடும்பங்கள் நிறைந்திருந்தன. குழாய் பாதி நாள் வராது, கிணறோ தேநீர் நிறம். பிள்ளைகளுக்கு ஓயாத வயிற்றோட்டம். சிவக்கொழுந்து தூளோடு போய்ப் பீப்பாயில் கலக்கினார். பின்னேரம் பீப்பாயின் அடி தெரிந்தது. கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டவரை நஸீறா மறித்தார்.

"மிஸ், சும்மா வாணாம். சும்மா தந்தா ரெண்டு மாசம் தருவீங்க, பொறகு வேலையில மறந்துருவீங்க. வெலைக்குத் தாங்க. அப்பதான் வரல்லேண்டா நான் வந்து கதவத் தட்டேலும்."

நியாயம் விளங்கியது. ஆனால் காசு வாங்க நீட்டப்போன கை முழங்கையில் மடங்கி நின்றுவிட்டது. மூன்று தலைமுறை வாத்திமாரின் கை அது. எண்ணெய் பூசியும் நிமிரவில்லை. தூளைச் சும்மா கொடுத்துவிட்டு வந்தார். நஸீறா சொன்னதுபோலவே, பரீட்சைத் தாள் திருத்துகிற பங்குனியில் தூள் கொண்டுபோக மறந்தார். லொட்ஜில் ஒரு சின்னப் பிள்ளையை ஆஸ்பத்திரியில் வைக்கவேண்டி வந்தது. பிள்ளை பிழைத்தது. சிவக்கொழுந்துக்கு மட்டும் அந்தச் சூடு ஆறவில்லை.

சித்திரை வருடப் பிறப்பன்று காலையில் நஸீறா முச்சக்கர வண்டியில் வெள்ளவத்தைக்கு வந்து இறங்கினார். கையில் வெற்றிலை, அதன்மேல் ஒரு நாணயம். புது வருடத்தின் முதற்காசான கைவியளத்தை யாழ்ப்பாணத்தார் மறுக்கமாட்டார்கள், மறுத்தால் வருடம் முழுவதும் வெறுங்கைதான் என்பதை அவர் லொட்ஜில் தங்கியிருந்தவர்களிடம் கேட்டு வைத்திருந்தார். நல்ல நேரமும் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். "உங்கட ஆக்கள் இத வாணாமெண்டு சொல்ல ஏலாதாமே, மிஸ்" என்று நீட்டினார். சிவக்கொழுந்தின் முழங்கை பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி நெட்டி முறிந்து நிமிர்ந்தது. நாணயம் உள்ளங்கையில் விழுந்த அந்த நொடியில் தண்ணீர் ஒரு சாண் வளர்ந்தது.

அதன் பிறகு சிவக்கொழுந்து நிற்கவில்லை. லொட்ஜில் இருந்த பெண்கள் கூலிக்கு விதை இடித்தார்கள், அவர் அளந்து பைகளில் அடைத்தார். கடை கடையாக ஏறினார். முதல் நாள் எல்லோரும் இல்லையென்றார்கள். மறுநாளும் போனார். தண்ணீர் கடைக்காரரின் முன்னால் போய் நிற்கும், அதற்கூடாக அவர் தன் கடையின் மறுபக்கச் சுவரைப் பார்ப்பார், அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சித்திரை முடிய அதிகாரி வந்தார். தொழில்? "குடிதண்ணீர்த் தூள் வியாபாரம். இது என் பங்காளி" என்றார் சிவக்கொழுந்து. அதிகாரி எழுதிக்கொண்டார். போகும்போது தன் ஊர்க் கிணறும் கலங்கல்தான் என்று சொல்லி, மேசையிலிருந்த ஒரு பையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். அந்தக் காலத்தில் ஒரு தமிழ் ஆள் பொலிஸிடம் விலை கேட்காமல் விட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். சிவக்கொழுந்து கையை நேராக நீட்டினார். விலை பையின் பின்பக்கத்தில் இருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னார். அதிகாரி திருப்பிப் பார்த்தார், சிவக்கொழுந்தைப் பார்த்தார், காசைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு வருடம் கழித்துப் பாலசுந்தரமும் அலுமாரியைத் திறந்துவிட்டார். சாம்பல் தட்டுத்தடுமாறி வெயிலுக்கு வந்து, ஓரங்களில் ஊதாவாகி, அவரோடு புடைவைச் சாயக்காரரிடம் போய்வரத் தொடங்கியது. மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திறந்தார்கள். இப்போது களஞ்சிய அறையில் முருங்கை விதை மூட்டைகள். சண்டை இன்னும் பல வருடம் நடந்தது. சோதனைச் சாவடிகளில் தண்ணீரைச் சோதிப்பது மற்ற எல்லோரையும்விடச் சுகமாக இருந்தது.

பஸ்ஸில் கொண்டக்டர் மட்டும் பழக்கத்தில் அரை ரிக்கெற்றே கிழித்து வந்தார். ஒருநாள் சிவக்கொழுந்து அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"முழு ரிக்கெற் தாங்கோ, தம்பி. அது இப்ப உழைக்குது."

கொண்டக்டர் தண்ணீரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு முழு ரிக்கெற் கிழித்தார்.