பெயர் சொல்லாமல் விசாரித்தவர்

காலை ஒன்பதே காலுக்கு பிரெண்டா தன் அறைக் கதவை மூடினார். அந்தக் கதவு வழக்கமாகத் திறந்தே இருக்கும்.

"இரு," என்றார்.

மிதுனன் கதிரையில் இருந்தான்.

பிரெண்டா கூடைப்பந்து அணியின் துணைத் தலைவர். எந்த வீரனை எடுப்பது, எவனை விடுவது என்று தீர்மானிப்பவர். மிதுனன் அவரிடம் ஐந்து வருடமாக வேலை செய்கிறான்.

ஒரு வீரனை எடுப்பதற்கு முன் அணியில் பலர் பார்ப்பார்கள். விளையாட்டின் ஒளிப்பதிவுகளைப் பார்ப்பவர்கள் உண்டு. எண்களைப் பார்ப்பவர்கள் உண்டு. மருத்துவர்கள் முழங்காலைப் பார்ப்பார்கள். எல்லாரும் பார்த்து முடித்த பிறகு மிதுனனின் வேலை தொடங்கும். அவன் ஆட்களைக் கேட்பான். பழைய பயிற்சியாளரை, பள்ளிக்கூட ஆசிரியையை, அணியின் உடுப்புத் தோய்ப்பவரை. குடிப்பானா. யார் சொன்னால் கேட்பான். தோற்ற மறுநாள் எப்படி இருப்பான். யாருக்காகக் கேட்கிறான் என்பதை அவன் சொல்வதில்லை.

"சம்பளம் குடுத்து ஊர்ப் புதினமும் விடுப்பும் கேக்க விடுறாங்கள்," என்று அவன் தாய் மங்கையற்கரசி தாங்கள் குடியிருக்கும் வெக்ஸ்போர்ட்டில் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லியிருந்தார்.

அன்று பதினொரு மணிக்கு டெஷான் ஹேல் வருவதாக இருந்தது. அவனைப் போல் பந்து எறிகிறவர்கள் லீக்கில் அதிகம் பேர் இல்லை. தெற்கே உள்ள அவனது அணியோடு ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அந்த அணியும் அவனைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. இங்கே எல்லாரும் ஹேல் வேண்டும் என்றார்கள். மிதுனன் மட்டும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தான்.

"உன்னை யார் விசாரிக்கிறார்கள்?" என்று பிரெண்டா கேட்டார்.

"என்னையா?"

"நேற்று ஒருவர் எனக்கு ஃபோன் எடுத்தார். இலக்கத்தை மறைத்திருந்தார். பெயர் கேட்டேன். தெரிந்தவர் என்றார். ஏன் கேட்கிறீர்கள் என்றேன். சும்மா என்றார்."

"என்ன கேட்டார்?"

"வேலை நிரந்தரமா. அமெரிக்காவுக்குப் போகிற எண்ணம் இருக்கிறதா. குடிப்பாயா. கோபக்காரனா. கூட்டாளிகள் எப்படி. உடம்புக்கு ஏதும் இருக்கிறதா." பிரெண்டா நிறுத்தினார். "இவை நம்முடைய கேள்விகள், மிதுன். நீ எழுதிய கேள்விகள். முழங்கால் ஒன்றைத்தான் விட்டுவிட்டார்."

அது பகிடியா என்று மிதுனனுக்குத் தெரியவில்லை. சிரிக்காமல் இருந்தான்.

"ஏதோ ஓர் அணி உன்னை எடுக்கப் பார்க்கிறது. போக வேண்டுமென்றால் போ. ஆனால் இந்தக் கட்டடத்தில் ஹேல் வேண்டாம் என்பவன் நீ ஒருவன்தான். நாங்கள் விட்டால் அவன் பழைய இடத்துக்குப் போவான். அந்த இடம்தான் உன்னையும் விசாரிக்கிறது என்றால் நான் என்ன நினைப்பது?"

"நான் ஒருவரோடும் பேசவில்லை."

"எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு அதைச் சொல்லித் தந்தவனே நீதான்." பிரெண்டா மேசையில் கிடந்த அவனுடைய அறிக்கையைத் தொட்டார். "ஹேலைப் பற்றி இதில் கெடுதலாகச் சொன்னவர் ஒரே ஒருவர்."

"தெற்கே அவனுடைய அணியின் துணைப் பயிற்சியாளர். முதலில் பேசவே மறுத்தார். பிறகு சொன்னார். தோற்றால் மறுநாள் பயிற்சிக்கு வரமாட்டானாம். சின்னப் பெடியன்களைக் குழப்புவானாம். நான் கேட்காததையும் சொன்னார்."

"அதை நம்பினாய்."

"மறுத்துவிட்டுப் பேசுகிறவர்களை நான் நம்புவேன்."

"நானும் நம்புவேன். உன்னை யார் விசாரித்தார் என்று தெரிந்த பிறகு. அதுவரை நீ ஹேல் வரும் கூட்ட அறைக்குள் வரத் தேவையில்லை. உன்னுடைய வேண்டாமும் வரத் தேவையில்லை. இனி நீ இங்கே இருப்பதா என்பதை ஹேல் போன பிறகு பேசுவோம்."

மிதுனன் எழுந்தான். "அவருக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"சொல்ல வேண்டியதைச் சொன்னேன்."

அவன் கதவைத் திறந்தபோது பிரெண்டா மறுபடி கூப்பிட்டார்.

"உன் உயரத்தையும் கேட்டார். ஐந்தடி எட்டு இருக்கும் என்றேன். அது போதும் என்றார். அது எப்படிப்பட்ட அணி என்று எனக்கு விளங்கவில்லை."

மிதுனன் தாழ்வாரத்தின் முடிவில் ஜன்னலோரம் போய் நின்றான். கீழே ரயில் பாதைகள். அதற்கப்பால் ஏரி. தனக்குத் தெரிந்த அணிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். இரண்டு இடங்களில் அவனைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அவனுடைய உயரம் எதற்கு?

ஐந்தடி எட்டு எதற்குப் போதும்?

ஏரியில் ஒரு படகு கரையை விட்டுப் போனது. அவன் தாய்க்கு ஃபோன் எடுத்தான்.

"என்னப்பு? நான் கடையிலை நிக்கிறன். மீன் வெட்டுறாங்கள்."

"அம்மா, ஆரும் என்னைப் பற்றி விசாரிக்கினமோ?"

மீன் வெட்டும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது.

"அம்மா?"

"ஆர் உனக்குச் சொன்னது? தலையை எறியாதையுங்கோ தம்பி. உனக்கில்லை, மீன்காரத் தம்பிக்கு."

"விசாரிக்கினமோ இல்லையோ?"

"மிசிசாகாப் பக்கம் ஒரு இடம். பிள்ளை ஃபார்மசிஸ்ற். சுபாங்கி எண்டு பேர். சரிவந்தால் சொல்லுவம் எண்டு இருந்தனான். சரிவராட்டி உனக்கு ஏன் தெரியவேணும்?"

"என்ர பொஸ்ஸுக்கு ஃபோன் அடிச்சிருக்கினம்."

"அடிப்பினம்தானே. வேலை செய்யிற இடத்திலை விசாரிக்காமல் பொம்பிளை குடுப்பினமோ? நாங்களும் அந்தப் பிள்ளையின்ர ஃபார்மசியிலை விசாரிச்சனாங்கள். உன்ர அப்பா இருமல் மருந்து வாங்கிற மாதிரிப் போனவர்."

"அப்பாவுக்கு இருமலோ?"

"ஒரு இருமலும் இல்லை. வீடு முழுக்க மருந்துப் போத்தில்."

"ஆரம்மா அடிச்சது?"

"பிள்ளையின்ர பெரியப்பாவாத்தான் இருக்கும். அருள்நாயகம். அவர்தான் எல்லாம் பாக்கிறவர்." மங்கையற்கரசியின் குரல் தணிந்தது. "நேற்றுப் பின்னேரத்துக்குப் பிறகு அவையின்ர ஃபோனைக் காணேல்லை. உன்ர பொஸ் என்ன சொன்னவ?"

"தெரியாது. அவரின்ர நம்பரை அனுப்புங்கோ."

அருள்நாயகம் உடனே எடுத்தார். பின்னால் விமானம் ஒன்று இறங்கும் சத்தம் கேட்டது.

"ஓம், ஆர்?"

"நான் மிதுனன். மகேஸ்வரன்ர மகன்."

"நம்பர் ஆர் தந்தது?"

"அங்கிள், நேற்று நீங்கள் என்ர பொஸ்ஸோடை கதைச்சனீங்களோ?"

"நான் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை."

"என்ர உயரம் கேட்டிருக்கிறியள்."

"பிள்ளை ஐஞ்சு ஏழு," என்றார் அருள்நாயகம். "அதுதான் கேட்டனான்."

மிதுனன் நடந்ததைச் சொன்னான். வேறு அணிக்காரர் என்று பிரெண்டா நினைத்ததை, தன் வேலை போகப்போவதை. ஒருமுறை பிரெண்டாவுக்கு எடுத்து யார் என்று சொன்னால் போதும் என்றான்.

"அது ஏலாது தம்பி. பேர் சொல்லி விசாரிக்கிறேல்லை. நாளைக்கு இது குழம்பினால் எங்கட பிள்ளையின்ர பேர் அந்த ஒஃபிசிலை கிடந்து அடிபடும்."

"குழம்பினால்தானே அங்கிள்."

"குறை நினையாதையும். நேற்றே வேண்டாமெண்டு முடிவெடுத்தாச்சு."

"ஏன்?"

"அந்த மனிசி நல்லமாதிரிச் சொல்லேல்லை. நீர் நேரத்துக்கு வாறேல்லையாம். குடியாம். ஒரு வேலையையும் முடிக்கமாட்டீராம். வாற வருசம் அங்கை இருப்பீரோ தெரியாதாம். நான் கேளாததையும் சொன்னா."

"நீங்கள் நம்பினனீங்களோ?"

"நம்பாமல்? கூட இருந்து பாக்கிற ஆள். உம்மிலை அவவுக்கு என்ன கோவம்?" அருள்நாயகம் இருமினார். "உமக்கு வேறை நல்ல இடம் வரும் தம்பி. வைக்கிறன்."

மிதுனன் ஃபோனைக் கையில் பிடித்தபடி நின்றான். ஐந்து வருடத்தில் அவன் பிந்தி வந்ததில்லை. குடிப்பதென்றால், அணி வென்ற அன்று பிரெண்டா தன் கையால் ஊற்றிக்கொடுத்த ஒரு கிளாஸ். தன்னைப் பற்றி அவர் அப்படித்தான் நினைக்கிறார் என்றால் ஏன் இவ்வளவு காலம் வைத்திருந்தார்? அப்படி நினைக்கவில்லை என்றால் ஏன் சொன்னார்? சுபாங்கி என்று ஒருத்தி இருப்பதே காலையில் அவனுக்குத் தெரியாது. அவள் வீட்டில் வேண்டாம் என்றது எதற்காக வலிக்கிறது என்பதும் தெரியவில்லை.

அவன் தாய்க்கு எடுத்து விஷயத்தைச் சொன்னான்.

"குடியாமோ?" என்றார் மங்கையற்கரசி. "ஃபோனைக் குடு அவவிட்டை."

பிரெண்டாவின் அறைக்குப் போகும் வழியில் கூட்ட அறை. ஹேலின் பெயர் எழுதிய மேலுடுப்பைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். மேசையில் மஞ்சள் ரோஜாக்கள். ஹேலின் தாயும் வருகிறாள். அவளுக்கு மஞ்சள் ரோஜா பிடிக்கும் என்று கண்டுபிடித்தவன் மிதுனன். அது அவன் வேண்டாம் என்று எழுதுவதற்கு முன்.

பிரெண்டாவின் அறைக் கதவு திறந்திருந்தது. அவன் உள்ளே போய்ச் சொன்னான்.

"கல்யாணம்," என்றார் பிரெண்டா.

"ஓம். பெண்ணுடைய பெரியப்பா."

"அவர் பெயர் சொல்லவில்லை."

"பெயர் சொல்லிக் கேட்பதில்லை. நாமும் சொல்வதில்லைத்தானே."

"இதைவிட நல்ல கதை உனக்குக் கிடைக்கவில்லையா?"

மிதுனன் ஃபோனை மேசையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டான். மங்கையற்கரசிக்குக் கோபம் வந்தால் ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக இறக்கி வைப்பார்.

"நீங்களா பொஸ்? என் மகன். குடிப்பதில்லை. ஏன் அப்படிச் சொன்னீர்கள்? நல்ல பெண். ஃபார்மசிஸ்ற். இப்போது வேண்டாம் என்றுவிட்டார்கள்."

பிரெண்டா மிதுனனைப் பார்த்தார். பிறகு ஃபோனைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு ஒன்று வரப்பார்த்து நின்றுவிட்டது.

"மன்னிக்க வேண்டும்," என்றார். "வேறு ஓர் அணி இவரைக் கொண்டுபோகப் பார்க்கிறது என்று நினைத்தேன். இவரை நான் விடத் தயாரில்லை. அதனால்தான் அப்படிச் சொன்னேன்."

"விடத் தயாரில்லாத ஆளைப் பற்றியா இப்படிச் சொல்வது?"

"எங்கள் தொழிலில் அப்படித்தான். நல்லவன் என்று சொன்னால் நாளைக்கே கொண்டுபோய்விடுவார்கள். கெட்டவன் என்றால் எங்களோடே இருப்பான்."

"எடேய், இவ என்ன சொல்லுறா?" என்று மங்கையற்கரசி தமிழில் கேட்டார். "நல்லவன் எண்டோ, கெட்டவன் எண்டோ?"

"பிறகு கதைக்கிறன் அம்மா."

அவன் ஃபோனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். பிரெண்டா இப்போது உண்மையாகவே சிரித்தார். ஆனால் நீண்ட நேரம் சிரிக்கவில்லை.

"அந்தப் பெரியப்பாவிடம் நான் பேசட்டுமா? எல்லாவற்றையும் மாற்றிச் சொல்கிறேன்."

"மாற்றிச் சொன்னால் நம்பமாட்டார். நான் கெஞ்சிச் சொல்ல வைத்தேன் என்று நினைப்பார்."

"அதுவும் சரிதான்."

"எது உண்மை, பிரெண்டா?"

"எதில்?"

"நீங்கள் அவருக்குச் சொன்னதில்."

பிரெண்டா யோசித்தார். அவர் யோசித்தது மிதுனனுக்குப் பிடிக்கவில்லை.

"நீ நேரத்துக்கு வருகிறாய்," என்றார்.

மேசைத் தொலைபேசி அடித்தது. பிரெண்டா எடுத்தார், கேட்டார், வைத்தார். "ஹேல் கீழே வந்துவிட்டான். தாயும் கூட. உன் மேல் இருந்த சந்தேகம் முடிந்தது, கூட்டத்துக்கு வா. ஹேல் வேண்டாம் என்று எழுதினாயே, இன்னும் அதைத்தான் சொல்கிறாயா? ஓம் என்றால் மரியாதையாகப் பேசி அனுப்பிவிடுகிறேன். உன் சொல்லில் நிற்பேன்."

காலையில் அவனுக்கு வேண்டியிருந்தது இது ஒன்றுதான். மிதுனன் நகரவில்லை.

"என்ன?"

"அந்தத் துணைப் பயிற்சியாளர்."

"அவருக்கு என்ன?"

"நான் கேட்காததையும் சொன்னார்," என்றான் மிதுனன். "யாருக்காகக் கேட்கிறேன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏதோ ஓர் அணி கேட்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்குத் தெரிந்தது போல."

"எனக்கு நேற்றுப் பிழையாக அல்லவா தெரிந்தது."

"ஓம். அவருக்குச் சரியாகத் தெரிந்திருந்தால்?"

பிரெண்டா கதவுக் கைப்பிடியில் கை வைத்திருந்தார். தாழ்வாரத்தில் லிஃப்ற் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு பெண் உரக்கச் சிரித்தாள். ஹேலின் தாயாக இருக்க வேண்டும். ரோஜாக்களை இன்னும் அவள் பார்த்திருக்க மாட்டாள்.

பிரெண்டா குரலைத் தாழ்த்தினார்.

"மிதுன், அந்த ஆள் ஹேலைத் தொலைக்கப் பார்த்தானா, வைத்திருக்கப் பார்த்தானா?"